பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு முந்திய பள்ளிக்கூடம் ஆயாக் கொட்டகைதான். லயங்களின் கடைக்கோடியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கும். உத்தரத்தில் வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போகிற அம்மாக்கள், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விட்டுவிட்டு, வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போவார்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் பிள்ளையின் பசிக்கு ஆயாதான் பொறுப்பு.

ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பெரியம்மா ஆயாவாக இருந்தார். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. கொட்டகை இருந்த இடத்தைக்கூட அடையாளம் காட்ட முடியாது. நான் அறுபதுகளின் பிள்ளை. பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் விடுமுறை நாட்களில் பெரியம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்யக் கொட்டகைக்குப் போவேன். பதினான்கு பிள்ளைகள், ஓர் ஆயா. பெரிய சட்டியில் கஞ்சி கொதிக்கும். அதை நன்றாகக் கடைந்து, டின் பால் ஊற்றிக் கரைத்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரே மங்கு, ஒரே கரண்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊட்டிக்கொண்டே போவார். பல் முளைத்த பிள்ளைக்கும் முளைக்காத பிள்ளைக்கும் அதே கஞ்சிதான்.

"இவன் சோறு திம்பானே பெரியம்மா" என்று ஒரு பையனைக் காட்டிக் கேட்டிருக்கிறேன். "திம்பான். அவன் மென்னு முடிக்கிற வரைக்கும் மத்தவன் அழுவானே, அத யாரு பாக்குறது?" என்றார்.

குழந்தைக்கு எப்போது கட்டி உணவு கொடுப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் பெரியம்மாவின் அந்த வார்த்தைதான் எனக்கு ஞாபகம் வரும். புத்தகங்களில் அது மாதக் கணக்காக இருக்கிறது. ஆறாம் மாதம் இது, எட்டாம் மாதம் அது என்று அட்டவணை போடுகிறார்கள். தோட்டத்தில் அதைத் தீர்மானித்தது ஆள் கணக்கு. கூழாக இருந்தால் ஊற்றிக்கொண்டே போகலாம். கட்டியாக இருந்தால் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இந்த வருஷம் அதே கணக்கை என் பேத்தி விஷயத்தில் திரும்பவும் போட வேண்டி வந்தது. மகளும் மருமகனும் சிரம்பானில் தாமான் வீட்டில் இருக்கிறார்கள். இருவருக்கும் செனவாங் பக்கம் தொழிற்சாலை வேலை. பிள்ளையை அதே தாமானில் ஓர் அக்கா வீட்டில் விடுகிறார்கள். அவர் மொத்தம் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பேத்திக்கு ஆறு மாதம் முடிந்ததும் முறைப்படி கோயிலில் சோறு ஊட்டினோம். அதன் பிறகு பூசணி, கேரட், கஞ்சி எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து, டப்பாவில் போட்டு அனுப்பினாள் மகள். பிள்ளையும் மளமளவென்று விழுங்கியது. எட்டாம் மாதம் 7.1 கிலோ. ஒன்பதாம் மாதம் 7.2. கிளினிக் புத்தகத்தில் ஏறிக்கொண்டே வந்த கோடு சாய்ந்து படுத்துவிட்டது. தாதி கேட்ட முதல் கேள்வி, "இன்னுமா அடிச்சுக் குடுக்குறீங்க?"

அன்று ராத்திரி மகள் எனக்குப் போன் போட்டாள். "ம்மா, கட்டியா ஒன்னு வாயில போனாலே உவ்வேங்குது. எனக்குக் கையெல்லாம் நடுங்குது. நீங்க கொஞ்ச நாள் வந்து இருங்களேன்."

மூன்று வாரத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் அவளுடைய பயத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் உமட்டுவது வேறு, தொண்டை அடைப்பது வேறு. பெரியவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டால்தான் குமட்டும். கைக்குழந்தைக்கு அந்த உணர்ச்சி நாக்கின் முன்பக்கமே இருக்கிறது. கொஞ்சம் பெரிய கட்டி பட்டாலே உவ்வே என்று முன்னால் தள்ளிவிடும். முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், சத்தம் வரும். அது பிள்ளை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிற வித்தை. பழகப் பழக அந்த இடம் பின்னால் நகர்ந்துவிடும். அடைப்பு அப்படியில்லை. சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் மேல் ஐந்து அழுத்து. அடைப்பு போகும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். இதை மகள், மருமகன், நான் மூவரும் ஒரு பொம்மையை வைத்துப் பழகினோம். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது உள்ளே தள்ளிவிடும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாதவை என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினோம். தேன் கூடவே கூடாது. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, மீன் உருண்டை, வட்டமாக வெட்டிய சாசேஜ், கொட்டையோடு ரம்புத்தான், லோங்கான். தொண்டையின் அளவுக்கு உருண்டையாக, வழுக்கலாக இருப்பவைதான் ஆபத்து. விரல் அழுத்தினால் நசுங்குவது அவ்வளவு ஆபத்தில்லை. இந்த ஒரு விதியிலேயே பாதிக் கலவரம் அடங்கியது.

அடுத்த கேள்வியும் மகளுடையதுதான். "நீங்கல்லாம் கஞ்சி குடிச்சுத்தானம்மா வளந்தீங்க? இவளுக்கு மட்டும் என்னா அவசரம்?"

கஞ்சியை நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் நெஞ்சு நின்றுவிடும். நெகிரி செம்பிலானின் அரசாங்கத் தலைமை மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் ஒன்றைக் கவனித்தார். ஈயச் சுரங்கத்தில் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனர்களுக்கு நோய் வருகிறது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. 1907இல் இதைப் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்பது அவர் எண்ணம். அதே காலத்தில் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸில் சாலை போட வந்த ஏறக்குறைய 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசி, ஒரு பக்கத்துக்குப் புழுங்கல் அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிப் பக்கம்தான் பெரிபெரி வந்தது. நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துதான் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். நம் பாட்டிகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஊரிலிருந்து வந்த பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே புழுங்கல் அரிசிக் கஞ்சி நல்ல அடித்தளம். ஆனால் அடித்தளம் மட்டும் வீடாகாது. பிறக்கும்போது பிள்ளை கொண்டுவருகிற இரும்புச் சத்து ஆறு மாதம்வரைதான் தாக்குப்பிடிக்கும். தாய்ப்பாலில் இருப்பது அதற்கு மேல் போதாது. கஞ்சியிலும் அது இல்லை. முட்டை, மீன், ஈரல், கோழி, பருப்பு, கீரை என்று வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும். அதோடு மிக்சியில் சுற்றுவதற்காகத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, வயிறு நிரம்பும், சத்து நிரம்பாது. குழந்தையின் வயிறு எவ்வளவு சின்னது! அதில் பாதியைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் எடை எங்கிருந்து ஏறும்?

இதை உலகத்துக்கு உரக்கச் சொன்ன ஒரு பெண்மணி நம் பக்கமும் வேலை செய்திருக்கிறார். சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்த மருத்துவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், தாய்ப்பால் மறந்து வெறும் சோளக் கூழில் வளர்ந்த பிள்ளைகள் வீங்கிப்போய் இறப்பதைப் பார்த்து, 1933இல் அந்த நோயை விவரித்து எழுதினார். அங்குள்ள கா மொழியில் அதன் பெயர் குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். வயிறு நிறையக் கூழ் குடித்தும் புரதம் இல்லாமல் வருகிற நோய். 1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். இங்கே தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சர்க்கரை போட்ட டின் பாலைக் கொடுத்துப் பிள்ளைகள் சாவதைக் கண்டு, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பே 'பாலும் கொலையும்'தான். பிறகு ஜப்பானியர் அவரைச் சாங்கியில் சிறை வைத்தார்கள். போர் முடிந்து 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

அவர் பேசி இருபது, முப்பது வருஷத்துக்குப் பிறகும் என் பெரியம்மாவின் சட்டியில் டின் பால் விழுந்துகொண்டுதான் இருந்தது. பதினான்கு பிள்ளைகளை அழாமல் வைத்திருக்க வேறு எது அவர் கைக்கு எட்டியிருக்கும்?

கஞ்சியை வேண்டாம் என்று தள்ளாமல், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்குவது என்று முடிவு செய்தோம். முதல் வாரம் மிக்சியை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன். அதே கஞ்சி, அதே பூசணி, முள்கரண்டியால் மசித்தது. கொஞ்சம் அவித்த முட்டை. முதல் நாள் மூன்று வாய்தான் போனது. மற்றதெல்லாம் பாப்பாவின் கழுத்திலும் என் சேலையிலும். இரண்டாம் வாரம் கையில் பிடிக்கிற மாதிரி விரல் நீளத்துக்கு வெட்டி வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், இட்லித் துண்டு. பல் கீழே இரண்டுதான் இருந்தது. மெல்லுவதற்குப் பல் வேண்டியதில்லை, ஈறே போதும். நாக்கு பக்கவாட்டில் புரளக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு அந்த நாக்குக்கு ஒரு கட்டி தேவை. மூன்றாம் வாரம் குழைந்த சோறு, பருப்பு, சக்கூர் மானிஸ் கீரையைப் பொடியாக அரிந்து வேகவைத்தது, ஆவியில் வைத்து முள் எடுத்த தெங்கிரி மீன். உப்பும் சீனியும் போடவில்லை. நெத்திலிப் பொடி தூவினால் ருசியாக இருக்கும் என்று மருமகனின் அம்மா சொன்னார். நெத்திலியை நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவி, வறுத்துப் பொடித்துக் கொடுத்தோம். நல்ல யோசனைதான்.

இதற்கெல்லாம் அவசரம் என்ன என்று கேட்டாளே, அதற்கும் பதில் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்கக் கண்டத்துக்கான அதன் அமைப்பும் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியில், கட்டியுள்ள உணவைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் பின்னால் சாப்பாட்டுத் தகராறு கூடலாம் என்று எச்சரிக்கிறார்கள். எட்டு மாதம் வாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் கையால் எடுத்துத் தின்பார்கள், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடலாம் என்பதும் அதில் இருக்கிறது. பேத்திக்கு அப்போது ஒன்பதரை மாதம். மகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

நான் எண்ணியது வேறு. மிக்சியில் அடித்ததை ஊட்ட ஏழு நிமிஷம். மசித்ததை, கையில் கொடுத்ததைச் சாப்பிட வைக்க நாற்பது நிமிஷம். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் இரண்டு மணி நேரம். அதில் பிள்ளை முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. இந்த இரண்டு மணி நேரத்தை யார் தருவது?

சட்டம் தருகிறதா என்று பார்த்தேன். நம் நாட்டில் பேறுகால விடுமுறை 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் அது 98 நாள். அப்பாவுக்கு ஏழு நாள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் பிள்ளை சோறு தொடங்குவது 180 நாளில். விடுமுறை முடிந்து கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்துத்தான் முதல் கவளமே வருகிறது. மெல்லக் கற்றுக்கொடுக்கிற அந்தக் காலம் முழுவதும் அம்மா வேலையில் இருக்கிறாள். 2019 தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று கண்டார்கள். ஐந்தில் ஒன்றுக்கும் மேல். கடையெல்லாம் நிரம்பி வழிகிற நாட்டில் இந்த எண் வந்தபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். வறுமை, பிறப்பெடை, நோய் என்று காரணங்கள் பல இருக்கும். அவற்றோடு இந்த இரண்டு மணி நேரத்தையும் ஒருவர் சேர்த்துப் பார்க்கலாம்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முன் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் மேல் குறை சொல்லவா போகிறேன்? வாசலிலேயே அவர் முந்திக்கொண்டார்.

"ஆண்ட்டி, எனக்கும் தெரியும் கட்டியா குடுக்கணும்னு. என் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் குடுத்தேன். ஆனா அஞ்சு பேருக்கு அஞ்சு தடவ உக்காந்தா நான் எப்ப சமைக்கிறது, எப்ப கழுவுறது? அடைச்சிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

ஐந்து பேருக்கு நாற்பது நிமிஷம் என்றால் இருநூறு நிமிஷம். ஒரு வேளைக்கு மட்டும். அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? பெரியம்மா சொன்ன அதே கணக்குத்தான் இதுவும்.

தட்டு தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தபோது வழியை அவரே சொன்னார். "ஒன்னா உக்கார வச்சா என்னா?" ஐந்து பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பாயில் வட்டமாக உட்கார வைப்பது, எல்லாருக்கும் கையில் பிடித்துத் தின்கிற ஒரே உணவு, நடுவில் அவர். அந்த நாற்பது நிமிஷம் போனை எடுக்க மாட்டார், அடுப்பையும் பற்றவைக்க மாட்டார். மத்தியானம் ஒரு வேளைக்கு மட்டும் இப்படி. காய்கறியை வேகவைத்து வெட்டி அனுப்புவது பெற்றோர் பொறுப்பு. அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை அதே பொம்மையை வைத்து அவருக்கும் காட்டினோம். அவர் கணவருக்கும் காட்டச் சொன்னார். மாதக் கூலியில் எல்லாரும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஒரு வீட்டார் மட்டும் இன்னும் யோசிக்கிறார்கள்.

நடக்கிறதா? நடக்கிறது. இரண்டு வயதுப் பையன் மெல்வதைப் பார்த்து என் பேத்தியும் தாடையை அசைக்கிறாள் என்று அந்த அக்கா வீடியோ அனுப்பினார். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது பிள்ளைகளுக்கு இயல்பாகவே வருகிறது. பதினோராம் மாதம் எடை 7.9 கிலோ. கோடு நிமிர்ந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாடு மருமகனுடையது. அதற்காக அவர் வாரத்தில் மூன்று நாள் ஓவர்டைம் செய்வதை நிறுத்திவிட்டார். மகளுக்கு ஷிப்ட் மாறும் வாரங்களில் அவர் ஒருவர்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் நசுக்கி நசுக்கிப் பார்க்கிறார். பாப்பா அவர் தட்டிலிருந்து எடுத்தால் வாங்கிக்கொள்கிறாள், தன் தட்டில் வைத்தால் கீழே தள்ளுகிறாள். ஆகவே இரண்டு பேருக்கும் உப்பில்லாத ஒரே தட்டு. சம்பளத்தில் மாதம் முந்நூறு வெள்ளிக்குக் கிட்டக் குறைகிறது. கார் தவணையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா என்று வங்கியில் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.